டயர்ல எழுதியிருக்கிற நம்பர் என்ன சொல்லுது? பழைய சின்ன காருக்கு வீல் மாத்தும் முன்னாடி படிக்க

நாகர்கோவில்லயோ மார்த்தாண்டத்துலயோ ஒரு டயர் கடை முன்னாடி கொஞ்ச நேரம் நின்னா போதும், "அண்ணே, ஆல்டோவுக்கு பதிமூணு போடலாம்லா?"ன்னு யாராவது கேக்குறது காதுல விழும். பதிமூணுன்னா 13 இஞ்ச் ரிம். உடனே அங்க நிக்கிற ஆளுக்கொரு பதில் வரும். ஒருத்தர் தாராளமா போடுங்க வண்டி நல்லா தூக்கி நிக்கும்பார், இன்னொருத்தர் மைலேஜ் போயிரும்பார், மூணாவது ஆளு என் மச்சான் போட்டிருக்கான் ஒரு பிரச்சனையும் இல்லம்பார். மூணு பேரும் பொய் சொல்லல, ஆனா மூணு பேரும் எந்த டயர்னு கேக்கல. ரிம் எத்தன இஞ்ச்ங்கிறத மட்டும் வச்சுகிட்டு வண்டி தூக்குமா தாழுமா, மைலேஜ் போகுமா போகாதான்னு சொல்லவே முடியாது. அதத்தான் இங்க முதல்ல இருந்து எளுப்பமா சொல்லப் போறேன், ஏன்னா பழைய மாருதி 800, ஆல்டோ, சான்ட்ரோ வச்சிருக்கிறவங்க நிறைய பேரு கஷ்டப்பட்டு சேத்த காச இதுல போடுறாங்க, போட்ட பிறகு தான் ஸ்டியரிங் திருப்பினா உரசுது, குழியில விழுந்தா இடிக்குதுன்னு திரும்ப கடைக்கு வாறாங்க.

## சைடுல இருக்கிற எழுத்து

பழைய ஆல்டோவுக்கு கம்பெனி குடுத்த டயர் சைடுல 145/80 ஆர் 12 74 டி அப்டின்னு இருக்கும். இத துண்டு துண்டா பாத்துருவோம்.

145ங்கிறது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. இது ரோட்டுல படுற பட்டையோட அகலம்னு நிறைய பேரு நெனைக்காங்க, அப்படி இல்ல. காத்து அடிச்ச டயர ஒரு சைடு வயித்துல இருந்து மறு சைடு வயிறு வரைக்கும் அளந்தா வர்ற அளவு. ரோட்டுல படுறது இதவிட கொறவாத்தான் இருக்கும்.

அடுத்தது 80. இதுல தான் எல்லாரும் சறுக்குறது. இது மில்லிமீட்டரும் இல்ல, ஸ்பீடும் இல்ல, சதவீதம். ரிம்முக்கு வெளிய தெரியுற ரப்பர் சுவரு இருக்குல்லா, சைடு வால்னு சொல்றது, அதோட உயரம் டயர் அகலத்துல 80 சதவீதம்னு அர்த்தம். அப்போ 145ல 80 சதவீதம் 116 மில்லிமீட்டர். சதவீதம்ங்கிறதுனால ஒரு விஷயத்த கண்டிப்பா மனசுல வச்சுக்கணும், அகலம் மாறினா இந்த 80 அப்படியே இருந்தாலும் சுவரோட உயரம் மாறிரும். 155/80ன்னா சுவரு 124 மில்லிமீட்டர். "அண்ணே அதே எம்பது தான, ஒண்ணும் ஆவாது"ன்னு சொல்றது இங்க தான் தப்பிப் போகுது.

ஆர்ங்கிறது ரேடியல். டயருக்குள்ள இருக்கிற நூல் அடுக்கு ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்கு நேர்குறுக்கா ஓடுற மாதிரி கட்டின டயர். இப்போ கார்ல வாறது எல்லாமே அது தான், அதனால அத விட்டுருவோம்.

12ங்கிறது ரிம்மோட விட்டம், இஞ்ச்ல. டயர் வந்து உக்காருற இடத்துல அளக்குறது, ரிம்மோட வெளி ஓரத்துல ஸ்கேல் வச்சு பாத்தா கொஞ்சம் கூடத்தான் காட்டும், அத பாத்து குழம்ப வேண்டாம். ஒரு இஞ்ச் 25.4 மில்லிமீட்டர்.

கடைசியில 74 டி. 74ங்கிறது அந்த டயர் எவ்வளவு எடை தாங்கும்ங்கிறதுக்கு ஒரு குறி நம்பர், கிலோ இல்ல. 74ன்னா ஒரு டயருக்கு 375 கிலோ. டிங்கிறது ஸ்பீடு குறி, மணிக்கு 190 கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும்னு அர்த்தம். எஸ்ஸுன்னா 180, ஹெச்சுன்னா 210. நம்ம ரோட்டுக்கு ஸ்பீடு குறியப் பத்தி ரொம்ப கவலப்பட வேண்டாம், ஆனா எடைக் குறிய விட்டுராதீங்க, அதுக்கு பின்னால வாறேன்.

ஆக அகலம் மில்லிமீட்டர்ல, சுவரு உயரம் சதவீதத்துல, ரிம் இஞ்ச்ல. மூணும் மூணு அளவு முறையில இருக்கிறதுனால தான் பாத்தவுடனே புரியாம போகுது. இந்த மூணையும் சேத்து நாலாவதா ஒரு அளவு கண்டுபிடிக்கணும், அது டயர்ல எங்கயும் எழுதியிருக்காது. வண்டிக்கு முக்கியமானது அந்த நாலாவது தான்.

## வண்டிக்கு தெரியுறது காலடி எண்ணிக்கை மட்டும்

நாகர்கோவில்ல வடசேரி பஸ் ஸ்டாண்டுல இருந்து மணிமேடை வரைக்கும் ஒரு அப்பாவும் அவரோட சின்ன பிள்ளையும் கை பிடிச்சு நடந்து போறாங்கன்னு வைங்க. ரெண்டு பேரும் போன தூரம் ஒண்ணு தான், ஆனா அப்பா கொஞ்சம் அடி தான் வைப்பாரு, பிள்ள ஓடி ஓடி நிறைய அடி வைக்கும். இப்போ உங்க கண்ணக் கட்டிட்டு அடி சத்தத்த மட்டும் எண்ணி தூரத்த சொல்லுன்னா, நடக்குறது அப்பாவா பிள்ளையான்னு தெரிஞ்சா தான் சரியா சொல்ல முடியும்.

பழைய சின்ன காரு இந்த கண்ணக் கட்டின ஆளு தான். ஸ்பீடோமீட்டருக்கு டயரப் பத்தி ஒண்ணும் தெரியாது. கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற சுத்த எண்ணி, ஒரு சுத்துக்கு இவ்வளவு தூரம்னு கம்பெனி வச்ச கணக்குல முள்ள நகத்தும், கிலோமீட்டர் ஓட்டும். அந்த ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம்ங்கிறது டயரோட வெளி விட்டத்த பொறுத்தது. வெளி விட்டம்னா ரோட்டுல படுற இடத்துல இருந்து நேர் மேல டயரோட உச்சி வரைக்கும் உள்ள மொத்த உயரம். நம்ம நாலாவது அளவு இது தான்.

டயர மாத்தும்போது வெளி விட்டம் கூடிப்போச்சுன்னா காலடி நீண்டுபோச்சு, ஆனா முள்ளு பழைய காலடிய வச்சு தான் சொல்லிட்டிருக்கும். அதாவது மீட்டர் 60 காட்டும், வண்டி அதவிட கூட போயிட்டிருக்கும். கொறஞ்சா நேர் எதிர். ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தவிட கொறச்சு காட்டக் கூடாதுன்னு தான் கம்பெனி கொஞ்சம் கூட்டிக் காட்டுற மாதிரி செஞ்சு வச்சிருக்கும், பெரிய டயர் அந்த பாதுகாப்ப முதல்ல தின்னுரும்.

மீட்டர் மட்டும்னா கூட பரவால்லன்னு விட்டுரலாம். காலடி நீண்டா ஒவ்வொரு கியரும் கொஞ்சம் உயந்த கியர் மாதிரி ஆயிரும், இழுவை கொறையும். ஆல்டோ 796 சிசி வண்டி, நாலு பேர ஏத்திகிட்டு கீரிப்பாறை, பாலமோர் பக்கம் ஏத்தத்துல போறவங்களுக்கு இது நல்லாவே தெரியும், ரெண்டாவது கியர்ல போன இடத்துல முதல் கியருக்கு வர வேண்டியிருக்கும். பிரேக்கும் அப்படித்தான். பிரேக் வீல பிடிக்கிற பலம் அதே தான், ஆனா சக்கரம் பெருசானா அதே பிடி ரோட்டுல கொறஞ்ச பலத்தோட தான் வரும், அதனால மிதி கூட்டி மிதிக்கணும். முன் மட்கார்டுக்குள்ள டயர் உரசுறதும் இதே காரணத்துனால தான்.

## கணக்கு போட்டு பாப்போம்

கணக்கு பெருசா ஒண்ணும் இல்ல, போன்ல இருக்கிற கால்குலேட்டர் போதும். ரிம் இஞ்ச்ச 25.4 ஆல பெருக்குங்க. சைடு வால் உயரத்த ரெண்டு மடங்கு ஆக்குங்க, ஏன்னா மேலயும் இருக்கு கீழயும் இருக்கு. ரெண்டையும் கூட்டுங்க.

ஆல்டோவோட 145/80 ஆர் 12க்கு ரிம் 304.8, சுவரு 116 ரெண்டு தடவ 232, மொத்தம் 536.8 மில்லிமீட்டர். இந்த டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 593 சுத்து சுத்தும்.

இப்போ 13 இஞ்ச்சுக்கு வருவோம். ஒருத்தர் 155/65 ஆர் 13 போடுறாரு. ரிம் 330.2, சுவரு 100.75 ரெண்டு தடவ 201.5, மொத்தம் 531.7. பழசவிட 5 மில்லிமீட்டர் கொறவு, ஒரு சதவீதம் கூட இல்ல. மீட்டர் 60 காட்டும்போது முன்னாடி போனத விட ஒரு அர கிலோமீட்டர் வித்தியாசம், யாருக்கும் தெரியவே தெரியாது.

இன்னொருத்தரும் 13 தான் போடுறாரு, ஆனா 155/80 ஆர் 13. அதே ரிம் 330.2, சுவரு 124 ரெண்டு தடவ 248, மொத்தம் 578.2. பழசவிட 41 மில்லிமீட்டர் கூட, சதவீதத்துல 7.7. வண்டி ரெண்டு சென்டிமீட்டர் தூக்கும், மீட்டர் 80 காட்டும்போது முன்னாடி இருந்த கணக்குக்கு 86 ஆயிரும், ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா உரசவும் செய்யும்.

பாருங்க, ரெண்டு பேரும் "ஆல்டோவுக்கு பதிமூணு போட்டிருக்கேன்"னு தான் சொல்லுவாங்க. ஒருத்தருக்கு வண்டி தாழ்ந்திருக்கு, ஒருத்தருக்கு தூக்கியிருக்கு. மச்சானுக்கு பிரச்சனை இல்லன்னா மச்சான் போட்ட முழு நம்பரையும் கேக்கணும், பதிமூணுன்னு மட்டும் கேட்டுட்டு வரக்கூடாது.

ரிம் மாத்தாமலும் இது நடக்கும். மாருதி 800க்கு 145/70 ஆர் 12, வெளி விட்டம் 507.8. ரிம் 12 தான, ஆல்டோ டயர் ஏறுமேன்னு 145/80 ஆர் 12 போடுறவங்க உண்டு. ஏறத்தான் செய்யும், ஆனா 29 மில்லிமீட்டர் கூடிரும், 5.7 சதவீதம். ரிம் ஒரு நூல் கூட மாறல, வண்டியோட காலடி மாறிப் போச்சு.

எவ்வளவு வரைக்கும் மாறலாம்னு கேட்டா, டயர் தொழில்ல பொதுவா வச்சிருக்கிற கணக்கு மூணு சதவீதத்துக்குள்ள. நான் சொல்லுவேன் சின்ன வண்டிக்கு ரெண்டு சதவீதத்துக்குள்ள நின்னுக்குங்க, அதுலயும் கூடுற பக்கம் போறதுக்கு யோசிங்க, ஏன்னா இஞ்சினும் சின்னது மட்கார்டுக்குள்ள இடமும் சின்னது.

## அப்போ ரிம் கூட்டினா என்னதான் மாறுது?

நல்ல கேள்வி. வெளி விட்டத்த அப்படியே வச்சுகிட்டு ரிம்ம கூட்டினா ரப்பர் சுவரு கொறையும். அம்புட்டு தான். வண்டி உயராது.

கம்பெனியே இத செய்யுது. 2011ல வந்த ஸ்விஃப்ட்ட பாருங்க, கீழ் மாடலுக்கு 165/80 ஆர் 14, மேல் மாடலுக்கு 185/65 ஆர் 15. முதல்ல உள்ளது 619.6, ரெண்டாவது 621.5, ரெண்டு மில்லிமீட்டர் கூட வித்தியாசம் இல்ல. ரிம் ஒரு இஞ்ச் கூடிச்சு, அகலம் 20 மில்லிமீட்டர் கூடிச்சு, அதுக்கு ஈடா சதவீதத்த 80ல இருந்து 65க்கு இறக்கினாங்க. வீல் பெருசாக்குறதுன்னா முறை இது தான்.

சுவரு கொறஞ்சா டயர் வளைவுல ஆட்டம் போடாது, ஸ்டியரிங் திருப்பினவுடனே வண்டி கேக்கும். அரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காத்தாடி நிக்கிற இடத்துல சைடு காத்து அடிக்கும்போது லேசான வண்டி கொஞ்சம் ஒதுங்கும்லா, சுவரு கொறஞ்ச டயர்ல அந்த நேரம் ஸ்டியரிங் திருத்துறது கொஞ்சம் சுளுவா இருக்கும். அதுக்கு விலையும் உண்டு. அந்த ரப்பர் சுவரும் உள்ள உள்ள காத்தும் தான் குழியோட முதல் அடிய வாங்குறது. 116ல இருந்து 100க்கு வந்தா அடி சீக்கிரம் ரிம்முக்கு போயிரும். மழை முடிஞ்சு ரோட்டுல தண்ணி நிக்கிற குழி ஆழமா இல்லையான்னு தெரியாம இறக்குனா டயர் ரிம்முக்கும் குழி ஓரத்துக்கும் இடையில நசுங்கி உள்ள நூல் அறுந்துரும், பிறகு சுவர்ல ஒரு வீக்கம் மாதிரி பொடச்சு நிக்கும். அந்த வீக்கம் வந்த டயர ஒட்டவும் முடியாது ஓட்டவும் கூடாது, தூக்கிப் போட வேண்டியது தான். ஸ்டீல் ரிம் வளைஞ்சா தட்டி நிமித்தலாம், அலாய் ரிம் (அலுமினியக் கலவையில வார்த்தது) விரிஞ்சா அத வெல்டு வச்சு ஓட்டுறத நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அதனால தான் ஆல்டோவுக்கு 14 இஞ்ச் கேக்குறவங்க கிட்ட நான் வேண்டாம்பேன். கணக்குக்கு 165/55 ஆர் 14 போட்டா 537.1, அச்சு அசலா ஒத்து வரும், ஆனா அந்த டயர் இங்க கடையில எளுப்பத்துல கிடைக்காது, சுவரும் 90 மில்லிமீட்டர் தான். கிடைக்குதேன்னு 165/70 ஆர் 14 போட்டா 586.6, ஒம்பது சதவீதத்துக்கு மேல கூடிரும்.

இதுவரைக்கும் சொன்னதுல பிடிச்சுக்க வேண்டியது: ரிம் இஞ்ச்ச பாத்து முடிவு பண்ணாதீங்க, முழு நம்பர வச்சு வெளி விட்டத்த கணக்கு போடுங்க. விட்டம் ஒத்துப்போனா ரிம் பெருசாகுற அளவுக்கு ரப்பர் சுவரு கொறையும், சொகுசும் அதோட கொறையும்.

## அகலம் கூட்டினா கிரிப் கூடுமா?

எல்லாரும் கூடும்னு தான் சொல்லுவாங்க. முழுசா சரி இல்ல. டயர் ரோட்டுல படுற பரப்பு எவ்வளவுங்கிறது பெரும்பாலும் ரெண்டு விஷயத்துல நிக்குது, அந்த வீல் மேல எவ்வளவு எடை, உள்ள எவ்வளவு காத்து. ஒரு வீல் மேல 200 கிலோ இருக்கு, உள்ள 30 பிஎஸ்ஐ காத்து இருக்குன்னா, 30 பிஎஸ்ஐங்கிறது சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ, அப்போ ரோட்டுல படுறது ஏறத்தாழ 95 சதுர சென்டிமீட்டர். டயர அகலமாக்கினா இந்த பரப்பு பெருசா கூடாது, அதோட வடிவம் தான் மாறும். முன்ன பின்ன நீளமா இருந்தது குட்டையாகி, சைடுல அகலமாகும். வளைவுல அது நல்லது தான், ஆனா தண்ணியில அப்படி இல்ல. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூன்ல தென்மேற்கு மழையும் உண்டு, அக்டோபர்ல வடகிழக்கு மழையும் உண்டு, வருஷத்துல பாதி மாசம் ஈர ரோட்டுல தான் ஓட்டம். அகலமான டயர் தள்ள வேண்டிய தண்ணி கூட, லேசான வண்டியோட அகல டயர் தண்ணி மேல மிதக்குறதுக்கு சீக்கிரம் தயாராயிரும், அந்த நேரம் ஸ்டியரிங்கும் கேக்காது பிரேக்கும் கேக்காது.

கிரிப்ப தீர்மானிக்கிறதுல ரப்பர் கலவைக்கும் பட்டன் (ரோட்டுல படுற பட்டையில வெட்டியிருக்கிற கட்டைங்க) ஆழத்துக்கும் தான் பெரிய பங்கு. குலசேகரம், அருமனை பக்கம் தோட்டத்துல வெட்டி ஷீட் அடிச்சு புகை போட்டு விக்கிற ரப்பர்ல ஆர்எஸ்எஸ் 4ங்கிற ஷீட் தரத்த டயர் கம்பெனிக்காரங்க தான் பெருசா வாங்குறாங்க, நம்ம ஊருக்காரனுக்கு டயர்னா சொந்த பொருள் மாதிரி. ஆனா கார் டயர்ல ரோட்டுல படுற பட்டையில செயற்கை ரப்பர் தான் கூடுதல், இயற்கை ரப்பர் லாரி டயருக்கு தான் நிறைய போகுது. அந்த பட்டை ரப்பர் வருஷம் ஆக ஆக இறுகும். பட்டன் புதுசா இருக்கேன்னு பாத்து பழைய டயர வாங்கக் கூடாது. சைடுல ஒரு சின்ன கட்டத்துக்குள்ள நாலு இலக்க நம்பர் இருக்கும், 3119ன்னு இருந்தா 2019ஆம் வருஷம் 31ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். அலாய் செட்டோட சேத்து பழைய டயரும் மலிவா தாரேன்னு யாராவது சொன்னா முதல்ல குனிஞ்சு இத பாருங்க. பட்டன் பள்ளத்துக்குள்ள அங்கங்க ஒரு சின்ன மேடு இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம், பட்டன் தேஞ்சு அந்த மேட்டோட சமமாச்சுன்னா அந்த டயர் முடிஞ்சது.

## ரிம் உக்காரணுமே

டயர் கணக்கு சரியானா பாதி வேல தான் ஆச்சு. ரிம் அந்த வண்டியில பொருந்தணும், அதுக்கு நாலு விஷயம் பாக்கணும். கடையில இத யாரும் சொல்லிக் குடுக்குறதில்ல, கேட்டா "அதெல்லாம் ஏறும்"னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க.

பிசிடின்னு ஒண்ணு சொல்லுவாங்க. நட்டு போடுற ஓட்ட எல்லாத்தோட நடுப்புள்ளியையும் தொட்டு ஒரு வட்டம் வரைஞ்சா அதோட விட்டம். சின்ன கார்ல நாலு ஓட்ட தான், ஆனா அதுலயே 100 மில்லிமீட்டரும் உண்டு 114.3 மில்லிமீட்டரும் உண்டு. மாருதி 800க்கு 114.3, சான்ட்ரோவுக்கும் பழைய ஸ்விஃப்ட்டுக்கும் 100. கண்ணால பாத்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும். அளக்குறது சுலபம், நேர் எதிர்ல இருக்கிற ரெண்டு ஓட்டைய எடுத்துகிட்டு ஒண்ணோட இடது ஓரத்துல இருந்து அடுத்ததோட இடது ஓரம் வரைக்கும் ஸ்கேல் வச்சா வர்றது தான் பிசிடி. நடுப்புள்ளி எங்கன்னு தேட வேண்டாம். எட்டு ஓட்ட உள்ள அலாய் பாத்திருப்பீங்க, அது ரெண்டு பிசிடிக்கும் சேத்து போட்டது, அதுல தப்பில்ல. நாலு ஓட்ட அலாய்ல பழைய ஓட்டைய அரவி இழுத்து வேற பிசிடிக்கு பொருத்தித் தாறேன்னு சொன்னா அந்த கடையில இருந்து வந்துருங்க, உயிரு அந்த நாலு நட்டுல தான் தொங்குது.

அடுத்து ஆஃப்செட். ரிம்மோட அகலத்துக்கு சரி நடுவுல ஒரு கோடு போட்டா, வண்டியோட ஹப்புல (வீல் வந்து மாட்டுற நடுப்பகுதி) ஒட்டுற முகம் அந்த கோட்டுல இருந்து எத்தன மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்குங்கிறது தான் ஆஃப்செட். ரிம்மோட உள்பக்கம் ஈடின்னு போட்டு ஒரு நம்பர் அடிச்சிருக்கும். இந்த நம்பர் கொறஞ்சா வீல் வெளிய தள்ளி நிக்கும். 4 இஞ்ச் அகல ரிம்ம கழட்டிட்டு 5 இஞ்ச் அகல ரிம் போடுறீங்க, ஈடியும் 10 கொறவுன்னு வைங்க. அகலத்துனால ஒவ்வொரு பக்கமும் 12.7 மில்லிமீட்டர் கூடும், ஈடியால மொத்த வீலும் 10 மில்லிமீட்டர் வெளிய போகும், ஆக வெளி ஓரம் 22.7 மில்லிமீட்டர் வெளிய வந்துரும். பாக்க மிடுக்கா இருக்கும்னு சின்ன பயலுவ இத விரும்புறாங்க. ஆனா வீல் வெளிய போகப் போக பேரிங் மேல நெம்புற பலம் கூடும், பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டியில ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆகும், மழைத் தண்ணியும் சேறும் கதவு பூரா அடிக்கும்.

மூணாவது நடு ஓட்ட. ஹப்போட மூக்கு போய் உக்காருற ஓட்ட. வெளிய விக்கிற அலாய்ல பல வண்டிக்கு பொருந்தணும்னு இந்த ஓட்டைய பெருசா வச்சிருப்பாங்க, இடைவெளிக்கு ஒரு வளையம் போடணும். போடலன்னா வீல் நடு மாறி உக்காந்து 70, 80 வேகத்துல ஸ்டியரிங் நடுங்கும், பேலன்சிங் பத்து தடவ பண்ணினாலும் போகாது.

நாலாவது நட்டு. ஸ்டீல் ரிம்முக்கு உள்ள நட்ட அலாய்க்கு அப்படியே போடலாம்னு நெனைக்காதீங்க, நட்டோட அடிப்பக்க சரிவும் ரிம்மோட குழிச் சரிவும் ஒத்து உக்காரணும், நட்டு ஆறேழு சுத்தாவது உள்ள ஏறணும். மரையும் வேற வேற. சுசுகி வண்டிகளுக்கு 12 மில்லிமீட்டர் போல்ட்ல 1.25 மரை, ஹூண்டாய்க்கு அதே 12ல 1.5 மரை. ரெண்டும் முதல் சுத்து ஏறுற மாதிரி தெரியும், பலம் குடுத்து முறுக்கினா மரை போயிரும்.

கடற்கரை ஓரம் உள்ளவங்களுக்கு ஒரு வார்த்தை. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காத்துல டயர் உக்காருற ரிம் ஓரத்துல துரு பிடிக்கும், அலாய்ல வெள்ளையா பூத்து பொரியும். டியூப்லெஸ் டயர்ல அந்த இடத்துல தான் காத்து சீல் ஆகுது. பஞ்சரே இல்லாம வாரத்துக்கு வாரம் காத்து இறங்குதுன்னா டயர கழட்டி அந்த ஓரத்த தேய்ச்சு சுத்தம் பண்ணி போடச் சொல்லுங்க. பழைய ரிம் வாங்கும்போதும் முதல்ல கை வச்சு தடவிப் பாக்க வேண்டிய இடம் அது தான்.

## எடைக் குறி, அப்புறம் ஆர்சி

முன்ன விட்ட 74க்கு வாறேன். 145/80 ஆர் 12 டயர் 74, அதாவது 375 கிலோ. விட்டம் அழகா ஒத்துப்போன 155/65 ஆர் 13 டயர் பொதுவா 73ல தான் வரும், 365 கிலோ. அகலம் கூடின டயர் எடை கூட தாங்கும்னு நெனச்சா இங்க நேர் மாறு, ஏன்னா சுவரு கொறஞ்சதுனால உள்ள பிடிக்கிற காத்தோட கொள்ளளவு கொறஞ்சு போச்சு. நாலு பேரு போற வீட்டு வண்டிக்கு பத்து கிலோ கொறவு பெரிய விஷயமில்ல, ஆனா பின்னால சந்தைக்கு வாழக்குலை ஏத்துறவங்க, ரப்பர் ஷீட் கட்டு ஏத்துறவங்க இத பாத்து தான் வாங்கணும். கம்பெனி டயர்ல உள்ள எடைக் குறிக்கு கீழ போகாம இருக்கிறது தான் என்னோட கட்சி. காத்து விஷயத்துல, டயர் சைடுல எழுதியிருக்கிறது அந்த டயர் தாங்குற உச்ச அளவு, அதப் பாத்து அடிக்காதீங்க. வண்டி புக்கிலயோ கதவு ஓரத்து ஸ்டிக்கர்லயோ உள்ள அளவுல தொடங்கி, பட்டன் தேயுறத கவனிங்க, ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கொறவு, நடு தேஞ்சா கூட.

மோட்டார் வாகன சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்சியில உள்ள விவரத்துக்கும் கம்பெனி குடுத்த அமைப்புக்கும் மாறா வண்டிய மாத்தக் கூடாதுங்குது. அதே மாடலோட மேல் வகைக்கு கம்பெனியே குடுத்த சைஸ்னா அது தான் எல்லாத்தவிடவும் பயமில்லாத வழி. அலாய் போட்டா இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரியப்படுத்தி பாலிசியில சேத்துருங்க, பிறகு கிளெய்ம் நேரத்துல பேச்சு வராது.

## கடைய விட்டு கிளம்பும் முன்னாடி

புது வீல் மாட்டி முடிஞ்சதும் காசு குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேல இருக்கு. வண்டிய இறக்கி, பின் சீட்டுல மூணு பேர உக்கார வைங்க, கடைப் பையன்களே உக்காருவாங்க. ஸ்டியரிங்க ஒரு பக்கம் முழுசா ஒடிச்சு மெதுவா முன்ன பின்ன எடுங்க, மறு பக்கமும் அதே. கீழ உக்காந்து பாக்க ஒரு ஆள விடுங்க, முன் மட்கார்டு உள் பிளாஸ்டிக்குக்கும் டயருக்கும் இடையில ஒரு விரலாவது போகணும். டயரோட உள் சுவரு சஸ்பென்ஷன் கம்பிய தொடுதான்னு டார்ச் அடிச்சு பாக்கணும், அது வெளிய இருந்து தெரியாது, உரசி உரசி ஒரு நாள் ஓட்டத்துல வெடிக்கிறது அந்த பக்கம் தான். பிறகு கடைக்கு வெளிய ஸ்பீட் பிரேக்கர் ஒண்ணுல அதே ஆள்களோட ஏறி இறங்குங்க, பின் பக்கம் சத்தம் வந்தா அப்பவே திரும்பிருங்க.

ஸ்டெப்னிய மறந்துராதீங்க. நாலு வீலும் 13 ஆச்சு, டிக்கியில பழைய 12 கிடக்கும். 155/65 ஆர் 13 போட்டவங்களுக்கு வெளி விட்டம் கிட்டத்தட்ட ஒண்ணுங்கிறதுனால அவசரத்துக்கு பஞ்சர் கடை வரைக்கும் போயிரலாம், விட்டம் கூட்டினவங்களுக்கு ஒரு பக்கம் தாழ்ந்து வண்டி இழுக்கும். அலாய் நட்டு ஸ்டீல் ரிம்முல சரியா உக்காரலன்னா ஸ்டெப்னிக்குன்னு பழைய நாலு நட்டையும் ஒரு துணியில கட்டி டிக்கியிலயே போட்டு வைங்க. புது அலாய்ல முதல் 100 கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவ நட்டு எல்லாத்தையும் குறுக்கு வரிசையில, அதாவது ஒண்ணு இறுக்கினா அடுத்தது அதோட நேர் எதிர்ல உள்ளதுன்னு, ஸ்பேனர் போட்டு பாத்துருங்க.